பொருநைக் கரையில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு



அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடி என்று இந்த ஆற்றின் போக்கிலுள்ள கல்லூரிகளில் வேதியியலும் தாவரவியலும் படிக்கிற உங்களுக்கு இந்த மடல். அகழாய்வு என்றால் வரலாற்றுத் துறைக்காரர்களின் வேலை என்று நீங்கள் ஒதுங்கி நிற்கக்கூடும். உங்கள் ஆய்வகத் தராசும் அமிலப் புட்டியும் சேராமல் அந்த வேலை பாதியில் நிற்கிறது. மறுபாதிக்கு உங்களை அழைக்கத்தான் எழுதுகிறேன்.

2021 செப்டம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் ஆண்டை அறிவித்தார்: கி.மு. 1155. சிவகளைப் பரம்பில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கலந்து கிடந்த நெல் உமியை அமெரிக்காவின் மயாமியிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெற்ற காலம் அது. பொருநை நாகரிகத்துக்கு 3200 ஆண்டு வயது என்று ஊரெல்லாம் பேசினோம். திருநெல்வேலியில் அருங்காட்சியகம் கட்டும் அறிவிப்பும் அன்றுதான் வந்தது. இப்போது ரெட்டியார்பட்டியில் அது எழுந்து நிற்கிறது. அந்த மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை. ஆனால் 'எவ்வளவு பழையது?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு நாம் வீடு திரும்பிவிட்டோம் என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது. அந்த நெல் எந்த மாதிரி வயலில் விளைந்தது, அதற்குத் தண்ணீர் நின்றதா, எரு கிடைத்ததா, அதே மக்கள் புஞ்சையில் வேறென்ன விதைத்தார்கள் என்பதையெல்லாம் விதையிடமே கேட்கலாம். கேட்கும் மொழி வேதியியல்.

முதலில் காலக்கணிப்பையே எடுத்துக்கொள்வோம். உயிரோடிருக்கும் பயிர் காற்றிலிருந்து கார்பன்-14ஐயும் சேர்த்து வாங்குகிறது. அறுத்த நாளோடு அந்த வரவு நின்றுவிடும். பிறகு 5730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். முன்பெல்லாம் இந்தச் சோதனைக்குக் கை நிறையக் கரி வேண்டியிருந்தது. முடுக்கி நிறைமானி வந்த பிறகு சில மில்லிகிராம் போதும், ஒற்றை விதையையே சோதிக்கலாம். இதில் மரக்கரியைவிட விதைக்கு ஒரு பெரிய மேன்மை உண்டு. இருநூறு வருடம் நின்ற மரத்தின் வைரத்தை எடுத்து எரித்திருந்தால், எரித்த நாளுக்கு இருநூறு வருடம் முந்திய கணக்கைத்தான் அந்தக் கரி காட்டும். நெல் ஒரே பருவத்தில் முளைத்து விளைந்து முடிகிறது. அது காட்டுவது அந்த ஒரு வருடத்தை. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தபோது ஈமச்சின்னத்துக்குள் நான்கு கால் சாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அது கி.மு. 490 என்று காட்டியதும், அதே ஈமச்சின்னத்திலிருந்த தமிழ் பிராமி எழுத்துக்கும் காலம் சொல்ல முடிந்தது. ஒரு சாடி நெல் எழுத்தின் வரலாற்றையே நகர்த்திவிட்டது.

சிவகளையிலும் இதே தேவை இருக்கிறது. 2025 ஜனவரி 23 அன்று வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கையில் சிவகளை இரும்போடு சேர்ந்து கிடைத்த மரக்கரிக்கும் பானை ஓட்டுக்கும் காலம் கணித்திருக்கிறார்கள். சில மாதிரிகள் கி.மு. 3345 வரை போகின்றன. பீட்டா அனலிடிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் என மூன்று இடங்களில் சோதனை நடந்தது. ஒரே பரம்பில் ஒரு பக்கம் 3345, இன்னொரு பக்கம் நெல் தந்த 1155. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியைத் தாழி தாழியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒவ்வொரு தாழியிலிருந்தும் ஓராண்டுப் பயிரின் விதைகள், ஒன்றல்ல, பல வேண்டும். பழமையை மறுப்பவர்களுக்குப் பதில் சொல்ல இதைவிட உறுதியான வழியை நான் அறியேன்.

இனி, கார்பனின் இன்னொரு கணக்கு. கார்பன்-12, கார்பன்-13 என்று இரண்டு உண்டு. இரண்டும் சிதையாதவை. இரண்டுக்குமுள்ள விகிதம் எத்தனை ஆயிரம் ஆண்டானாலும் பெரிதாக மாறாது. நெல், காணம், உளுந்து, பருத்தி, எள் எல்லாம் ஒளிச்சேர்க்கையில் ஒரு வழியைப் பிடிப்பவை. உங்கள் பாடப்புத்தகத்தில் சி3 என்று இருக்கும். கம்பு, சோளம், கேப்பை, தினை, வரகு, சாமை, குதிரைவாலி இன்னொரு வழி, சி4. வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய வழி அது. கார்பன் விகிதத்தை ஒரு பொது அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பு, முதல் கூட்டத்துக்கு ஆயிரத்துக்கு மைனஸ் 27ஐ ஒட்டி வரும், இரண்டாம் கூட்டத்துக்கு மைனஸ் 12ஐ ஒட்டி வரும். நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் குழப்பமே இல்லை. கருகி உருவம் சிதைந்து, எந்தத் தானியமென்று கண்ணால் சொல்ல முடியாத ஒரு கட்டியை எடுத்துச் சோதித்தாலும் அது நெல்லின் பக்கமா, சிறுதானியத்தின் பக்கமா என்பது தெரிந்துவிடும்.

இது இங்கே எவ்வளவு முக்கியம் தெரியுமா? ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, தாழிகளுக்குள்ளிருந்த பானைகள் பலவற்றில் நெல் உமியும் சிறுதானிய உமியும் நிறையக் கிடைத்ததாகத் தம் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார், அன்றைக்கு அவ்வளவுதான் முடியும். நஞ்சையும் புஞ்சையும் ஒரே தாழிக்குள் சேர்ந்திருந்தன என்றால் இந்தப் பள்ளத்தாக்கின் வேளாண்மையை நெல்லை மட்டும் வைத்து எழுத முடியாது. வடக்கே கரிசல், தெற்கே தேரி, நடுவே ஆற்றுப்பாய்ச்சல் என்று கிடக்கிற நம் மண்ணைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாகவும் இராது. ஆனாலும் மேடைகளில் நெல்லைத்தான் கொண்டாடுகிறோம். கம்பையும் காணத்தையும் கேட்பாரில்லை. நெல் பெருமை, புன்செய்த் தானியம் எளிமை என்ற இன்றைய மதிப்பீட்டை மூவாயிரம் ஆண்டுக்கு முந்தியவர்கள் மேல் ஏற்றுவது பிழை.

விதைகளை முறையாகத் தேடியவர்கள் இந்தப் பக்கம் வராமலில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்து மாங்குடியில் எடுத்த மண்ணிலிருந்து பிரித்த விதைகளை டோரியன் ஃபுல்லர், கா. ராஜன் உள்ளிட்டோர் கொடுமணல், பேரூர் விதைகளோடு சேர்த்து ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். வேலை எளிமையானது: குழி மண்ணைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் கருகிய விதை மிதக்கும். மெல்லிய சல்லடையில் அதைப் பிடித்து, நிழலில் உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் வகைபிரிக்க வேண்டும். ஒவ்வொரு அகழாய்வுக் குழியிலும் இது அன்றாட வேலையாக வேண்டும் என்பது என் ஆசை.

நான் அதிகம் பேச விரும்புவது நைட்ரஜனைப் பற்றி.

நைட்ரஜனிலும் லேசானது 14, கனமானது 15. சாணமும் ஆட்டுப்புழுக்கையும் மட்கும்போது அமோனியா ஆவியாகிப் போகும். போகிற ஆவியில் லேசான நைட்ரஜன் கூடுதலாகப் போய்விடும். மண்ணில் தங்குவது கனமானது. அதை வேர் உறிஞ்சும், கதிரில் ஏறும், மணியில் பதியும். ஆகவே தொடர்ந்து எரு கண்ட வயலின் தானியத்தில் நைட்ரஜன்-15 கூடியிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் ஏமி போகார்டும் கூட்டாளிகளும் 2013இல் ஐரோப்பாவின் 13 புதிய கற்கால ஊர்களின் கருகிய கோதுமை, பார்லி, பருப்புகளைச் சோதித்தார்கள். ஐரோப்பாவின் முதல் விவசாயிகள் காட்டை எரித்து விதைத்துவிட்டு இடம்மாறிப் போனவர்கள் என்ற பழைய எண்ணத்தை அந்தச் சோதனை அசைத்தது. அவர்கள் ஒரே வயலுக்கு வருடக்கணக்கில் எருவைச் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். இந்த வருடம் போட்ட எருவின் பலன் பல வருடம் கழித்தும் வரும். அப்படிப் போடுகிறவன், வயல் தன்னுடையது, தன் பிள்ளைக்கும் அதுவே என்ற நம்பிக்கையுள்ளவன். ஒரு நைட்ரஜன் விகிதத்திலிருந்து நில உரிமை வரைக்கும் யோசிக்க முடிந்தது. 2017இல் ஏமி ஸ்டைரிங் தலைமையில் வடக்கு மெசபடோமியாவில் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: ஊர்கள் நகரங்களாகப் பெருத்தபோது, இருக்கிற வயலுக்கு எருவைக் கூட்டாமல், எரு குறைந்த புது நிலங்களை மேலும் மேலும் உழுதுதான் பசியாற்றினார்கள்.

இந்தக் கேள்வி அப்படியே நம்முடையது. ஆதிச்சநல்லூரில் ஏக்கர் கணக்கில் தாழி புதைத்தவர்களுக்குச் சோறு போட்ட வயல்கள் எப்படிப்பட்டவை? கொற்கைத் துறையில் முத்துக் குளித்தவர்களும் வணிகம் செய்தவர்களும் உழவில்லாமல் உண்டார்கள் என்றால் அந்த உபரி நெல்லை யார், எந்த நிலத்தில், எந்த எருவைக் கொண்டு விளைவித்தார்கள்? கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று இன்று எட்டு அணைக்கட்டுகளால் பாயும் இந்தப் படுகை, அணைக்கட்டே இல்லாத காலத்தில் வெள்ளம் வடிந்த வண்டலில் விளைந்ததா, குளத்து நீரில் விளைந்ததா, மழையை மட்டும் நம்பி விளைந்ததா?

இங்கேதான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். ஐரோப்பாவில் எழுதிய வாய்ப்பாட்டை நம் நெல்லுக்கு அப்படியே போட்டால் தப்பாகிவிடும். அவர்கள் கணக்கு கோதுமைக்கும் பார்லிக்கும் உரியது. அவை உலர்ந்த மண்ணில் விளைபவை. நம் நெல் நிற்பதோ தண்ணீரில். தேங்கிய சேற்றில் காற்று குறைவு. அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியே விடும், அப்போதும் லேசான நைட்ரஜனே கூடுதலாகப் போகும். மண்ணில் கனமானது மிஞ்சும். அப்படியென்றால் ஒரு பழைய நெல்மணியில் நைட்ரஜன்-15 கூடுதலாக இருந்தால் அதற்குக் காரணம் எருவா, தேங்கிய தண்ணீரா? வயலோடு வந்த கோரை விதை, செடியின் திசுக்களில் தங்கும் சிலிக்காத் துகள்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீரைப் பற்றிய பதில் ஓரளவு தெளியும். ஆனால் அதற்கெல்லாம் அடியில், வரலாறு தெரிந்த இன்றைய வயல்களின் நெல்லை அளந்து வைத்த ஓர் அளவுகோல் வேண்டும். மயாமியிலோ ஆக்ஸ்ஃபோர்டிலோ இருப்பவர்கள் அதைச் செய்து தர முடியாது. எந்த வயலில் எத்தனை வருடமாகக் கிடை போடுகிறார்கள் என்பது அங்கே யாருக்குத் தெரியும்? உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் ஒரே பாத்திக்கு ஒரே எருவை இட்டு வருகிறார்கள். அங்கே விளைந்த தானியத்தை அளந்துதான் எருவுக்கும் நைட்ரஜனுக்குமான உறவை உறுதி செய்தார்கள். நமக்கும் அப்படியொன்று உண்டு. கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிரந்தர எருச் சோதனை வயல் 1909இல் தொடங்கியது. நம் ஆற்றங்கரையிலேயே அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அம்பை 16 சாப்பிடாத வீடு இந்தப் பக்கம் உண்டா? கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. இவற்றுக்கு வெளியே, நாறும்பூநாதர் கோயில் பக்கத்து வயலிலிருந்து ஏரல் வரைக்கும், கீதாரிகள் ஆட்டுக்கிடை அமர்த்துகிற வயல், குளத்துக் கரம்பை அடிக்கிற வயல், கொழுஞ்சி மடக்கி உழுகிற வயல், யூரியா மட்டுமே கண்ட வயல் என்று எல்லா வகையும் இன்னும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கார் பருவத்தில் ஒருமுறை, பிசானத்தில் ஒருமுறை, ஒரே ரக நெல்லை இந்த வயல்கள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்து அளந்தால் உலகத்தில் யாரிடமும் இல்லாத ஓர் அட்டவணை உங்கள் கையில் இருக்கும்.

தாமதிக்க நேரமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூரியாவின் நைட்ரஜன் காற்றிலிருந்து பிடித்தது, அதன் மதிப்பு பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். யூரியா ஏறிய வயல் பழைய எருவின் தடத்தை வருடா வருடம் மறைத்துக்கொண்டே வருகிறது. கிடை போடுகிறவர்களும் குறைந்து வருகிறார்கள். இன்றைய காற்றே வேறாகிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகையால் காற்றிலுள்ள கார்பன்-13இன் மதிப்பு, ஆலைகள் வருவதற்கு முந்தைய மைனஸ் 6.4இலிருந்து இன்று மைனஸ் 8.5 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆகவே இன்றைய நெல்லின் அளவை அந்தத் திருத்தம் போட்ட பிறகே பழைய நெல்லோடு ஒப்பிட முடியும். இதை மறந்துவிட்டு ஒப்பிடுகிறவர், பழங்காலத்தில் வறட்சி இருந்ததென்று இல்லாத ஒன்றைக் கண்டுபிடிப்பார். ஏனென்றால் வறட்சியிலும் நெல்லின் கார்பன் மதிப்பு ஒன்றிரண்டு அலகு நகர்வதுதான் வழக்கம்.

கருகிய விதை எப்படி இத்தனை காலம் மக்காமல் நிற்கிறது என்று கேட்பீர்கள். மிதமான சூட்டில், காற்று அதிகம் படாமல் வேகும்போது மாவுச்சத்தின் சர்க்கரையும் புரதமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பழுப்பான பெருமூலக்கூறுகளாகின்றன. தோசையின் ஓரம் சிவப்பதும் இதே வினைதான். நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாத பொருளாகிவிடுவதால் உள்ளிருக்கும் நைட்ரஜன் காப்பாற்றப்படுகிறது. 230 முதல் 260 டிகிரி வரை, அதிகம் போனால் ஒருநாள் வைத்துக் கருக்கிப் பார்த்தவர்கள், நைட்ரஜன் மதிப்பு சராசரி 0.31, கார்பன் மதிப்பு 0.11 மட்டுமே கூடுவதாக 2015இல் கண்டார்கள். அது கோதுமைக்கும் பார்லிக்கும் பருப்புக்கும் கண்டது. நம் நெல்லையும் கேப்பையையும் காணத்தையும் உங்கள் கல்லூரி மின்னுலையில், அலுமினியத் தாளில் சுற்றி, மணலுக்குள் புதைத்து நீங்களே கருக்கிப் பார்க்கலாம். இளங்கலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய ஆய்வு இது. எடை எவ்வளவு குறைந்தது, மணி எவ்வளவு சுருங்கியது என்ற கணக்குக்குக்கூட மதிப்பு உண்டு.

இந்த விகிதங்களை அளக்கும் நிறைமானி உங்கள் கல்லூரியில் இராது. அது தடையாகாது. தயாரிப்பு வேலை முழுவதும் உங்கள் மேசையில் நடக்கலாம். கருகிய மணியில் ஒட்டிய சுண்ணாம்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கழுவும். மண்ணிலிருந்து ஊறிய மட்கு அமிலத்தைக் காரம் கரைக்கும். கடைசியில் மீண்டும் அமிலம், பிறகு தூய நீர். காரத்தை அதிகம் போட்டால் மணியே கரைந்து போகும், அங்கேதான் கைப்பக்குவம். அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் மாசு போயிற்றா என்று தெரியும், அந்தக் கருவி பல கல்லூரிகளில் இருக்கிறது. சுத்தமான மாதிரியை எடை போட்டு வெளியே அனுப்பினால் போதும். ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் இயல்பாகவே வேறுபாடு இருக்கும் என்பதால் ஒரே இடத்தில் கிடைத்த பத்து மணியாவது சேர்த்து அளப்பது நல்லது.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். சோதித்த மணி திரும்பி வராது, எரிந்து வாயுவாகிவிடும். ஆகவே படம் எடுத்து, நீள அகலம் குறித்து, இனம் கண்டு, பாதியை எதிர்காலத்துக்கென்று ஒதுக்கிய பிறகே மீதியைத் தொட வேண்டும். நாளைக்கு வரும் கருவி இன்றையதைவிட நுட்பமாக இருக்கும். தாழிக்குள் கிடைத்த தானியம் இறந்தவருக்கு வைத்த படையல் என்பதையும் மறக்கலாகாது. படையலில் வைத்தது அன்றாடச் சாப்பாடுதான் என்று முடிவு கட்டக்கூடாது. அதற்குக் குடியிருப்பின் அடுப்பையும் குப்பைக்குழியையும் தேட வேண்டும். நம் வெப்ப மண்ணில் எலும்பின் கொலாஜன் பெரும்பாலும் நிற்பதில்லை. மற்ற நாடுகளில் எலும்பிலிருந்து உணவைக் கணிப்பதுபோல இங்கே எளிதில் செய்ய முடியாது. அதனால்தான் இங்கே விதைக்கு இவ்வளவு பொறுப்பு.

அகழாய்வுத் தளத்துக்குப் போனால் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தாழி மண்ணை முழுவதும் சலிக்கிறார்களா, மிதக்கவிடுகிறார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். உதவி செய்ய முன்வாருங்கள். சிவகளையின் மேட்டைப் பற்றி முதலில் குரல் கொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நினைவில் வையுங்கள். விதையைக் கையால் தொட்டு, எண்ணெய் படிய விட்டு, கோந்து போட்டு ஒட்டி, பூச்சிமருந்து தெளித்து வைத்தால் வேதியியலுக்கு அது பயன்படாமல் போகலாம். இதை அங்கிருப்பவர்களுக்குச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

உங்கள் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேதியியல் துறையும் தாவரவியல் துறையும் ஒரே கட்டடத்தில் இருந்தும் சேர்ந்து வேலை செய்வது அரிது. இந்த வேலையை ஒரு துறை தனியாகச் செய்யவே முடியாது. கல்லூரிகளுக்குள் போட்டி இல்லாமல் வயல்களைப் பங்கிட்டுக்கொண்டால் பாபநாசம் முதல் புன்னக்காயல் வரை ஒரே வருடத்தில் மாதிரி எடுத்துவிடலாம். எடுத்ததை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். அது தொல்லியல் துறைக்கும் பயன்படும், நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பயன்படும்.

பிசான அறுவடை தொடங்கியதும் ஒவ்வொருவரும் ஊரில் ஒரு வயலைத் தேர்ந்தெடுங்கள். உரியவரிடம் அனுமதி கேட்டு, வரப்போரத்தை விட்டுவிட்டு நடுவயலில் ஐந்து இடத்தில் கதிர் எடுங்கள். அதே இடத்தில் ஒரு பிடி மண்ணும் எடுங்கள். காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயர், தண்ணீர் வந்த மடை, கடந்த பத்து வருடத்தில் அந்த வயலுக்குப் போட்ட எரு, நாற்று நட்ட நாள், அறுத்த நாள் எல்லாவற்றையும் உறையின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். மை அழியும். வயலுக்குரியவர் சொல்வதைச் சுருக்காமல் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மானாவாரிக் காடு உள்ளவர்கள் கம்பும் சோளமும் காணமும் எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்